பழியேற்பார் இயல்: பேக்கேஜ் இல்லாக் குடும்பப் பயணம் குறித்த ஆய்வுரை

பேக்கேஜ் டூர் நடத்துகிறவர்கள் உண்மையில் எதை விற்கிறார்கள்? விமான டிக்கெட், ஓட்டல் அறை, ஏ.சி. பஸ், ஆல்ப்ஸ் அடிவாரத்தில் சுடச்சுட ரசம் என்பர் ஒருசார் ஆசிரியர். அற்றன்று. என்னை? இவை யாவும் தனித்தனியே விலைக்குக் கிடைப்பன. கொஞ்சம் பொறுமையும் ஒரு கிரெடிட் கார்டும் இருந்தால் எவரும் வாங்கலாம். பேக்கேஜில் மட்டுமே கிடைக்கும் சரக்கு ஒன்று உண்டு. ரத்த சம்பந்தம் இல்லாத, ஊர் திரும்பியபின் எந்தக் கல்யாண வீட்டிலும் எதிர்ப்பட வாய்ப்பில்லாத ஒரு மனிதர் மேல் பயணம் முழுக்கப் பழி போடும் உரிமைதான் அது. அந்த மனிதருக்கு டூர் மேனேஜர் என்று பெயர். மழை பெய்தால் அவர் காரணம். ஐஃபல் கோபுரத்தின் உச்சி மேகத்தில் மறைந்தாலும் அவர்தான் காரணம். ரசம் இலவச இணைப்பு.

துறையின் வரலாறும் இதற்குச் சான்று. 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்குப் பிரசாரகர் தாமஸ் குக், லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிப்போனார். போய்வரத் தலைக்கு ஒரு ஷில்லிங். போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு. ஒரு பகல் முழுக்க 500 பேர் நிதானத்தில் இருக்க வேண்டுமென்றால், குறை சொல்ல ஒரு பொது ஆள் அவசியம் என்பதைக் குக் அன்றே உணர்ந்திருப்பார் என்பது இவ்வாய்வாளனின் ஊகம். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று மூழ்கியபோது, பிரிட்டன்காரர்கள் ஏறத்தாழ 1,50,000 பேர் வெளிநாடுகளில் நின்றார்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலையில் விழுந்தது. அந்த நடவடிக்கைக்கு மேட்டர்ஹார்ன் என்று ஒரு மலையின் பெயரே வைத்தார்கள். ஆகவே நம் முதல் நூற்பா: பழி அழிவதில்லை, தலைதான் மாறும்.

பேக்கேஜை வேண்டாமென்று தள்ளிய குடும்பத்தில் அந்தப் பழி எங்கே போய் நிற்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். ஆய்வு வசதிக்காகச் சென்னையில் ஒரு மாதிரிக் குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம்: தாத்தா, பாட்டி, அவர்கள் மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, பத்து வயதுப் பேரன். ஏ.கே. செட்டியார் போலக் காந்தியின் படச்சுருள்களைத் தேடி உலகம் சுற்றியவர்களின் அனுபவத்தை இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் தேடிப்போனது ஒரே பொருளை. நம் ஆறு பேரும் தேடுவது ஆறு பொருள்களை. பாட்டிக்குப் பனி. பேத்திக்கு லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு முழு நாள்; பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஏற்பாடு அவளுக்கு ஆகாது. தாத்தாவுக்கு ரோம். மருமகளுக்கு எதுவானாலும் சரி, தான் சமைக்காமல் இருந்தால் போதும். பேரனுக்கு ரயில். மகனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. "பேக்கேஜ் எதுக்கு, நாமே போட்டுக்கலாமே" என்று முதலில் வாய் திறந்தவன் அவன். அந்த ஒரு வாக்கியத்தால் டூர் மேனேஜர் பதவிக்கு வந்துவிட்டான். சம்பளம் கிடையாது.

வழித்தடத்தை முதலில் பார்ப்போம். ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், இன்டர்லாக்கன், மிலான், ரோம் என ஐந்து ஊர். ஐந்தை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். எட்டு ஊரானால் 40,320 விதம், பத்தானால் 36,28,800. இவற்றுள் குறுகிய வழியைக் காண்பது கணித உலகில் பெயர்பெற்ற தலைவலி. ஊர் எண்ணிக்கை கூடக்கூடப் பெரிய கணினிகளும் திணறும். குடும்பம் திணறுவதில்லை. முழங்கால் தேயுமுன் பனியைப் பார்த்தாக வேண்டும்; ஷாப்பிங் கடைசி ஊரில்தான், இல்லாவிட்டால் வாங்கியதை எல்லா ரயிலிலும் சுமக்க வேண்டும்; போன வழியே திரும்பி வருவது வெட்டிச் செலவு என்று மூன்று ஆட்சேபணைகள் எழுந்தவுடன் மற்ற வரிசைகள் தாமே உதிர்ந்து, வடக்கிலிருந்து தெற்காக ஒரே கோடு மிஞ்சுகிறது. ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ரோமில் ஏறுவது. டிக்கெட் தளங்களில் இதற்கு 'மல்ட்டி சிட்டி' என்று ஒரு பொத்தான் உண்டு. அதைக் கவனிக்காமல் போகவர ஒரே ஊருக்கு டிக்கெட் போட்டவர்கள், கடைசி நாளில் ரோமிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்ப ஆறு பேருக்கும் தனியே பணம் கட்டி, அதைப் பற்றிப் பல வருஷம் பேச்சுக் கேட்பார்கள். கணித அறிஞன் தேடுவது தூரம் குறைந்த வழி. குடும்பத் தலைவன் தேடுவது வாய் குறைந்த வழி.

இனி விசா. 1985 ஜூன் 14 அன்று பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளும் எல்லைச் சோதனையைக் கைவிட ஒப்புக்கொண்டன. கையெழுத்து விழுந்தது ஷெங்கன் என்ற லக்ஸம்பர்க் கிராமத்தருகே, மோசெல் ஆற்றில் நின்ற பிரின்செஸ் மரீ-அஸ்ட்ரிட் என்ற கப்பலில். அங்கே மூன்று நாட்டு எல்லைகள் கூடுகின்றன. ஒப்பந்தம் பின்னால் கோளாறானால் உன் மண்ணில்தானே கையெழுத்தானது என்று எவரும் எவரையும் கேட்க முடியாதபடி தண்ணீரில் வைத்தே காரியத்தை முடித்த அவர்களின் ராஜதந்திரத்தை நம் இயல் மெச்சுகிறது. இன்று அவ்வணியில் 29 நாடுகள்.

ஒரே விசாவில் அத்தனைக்கும் போகலாம். ஆனால் எந்த நாட்டிடம் கேட்பது? அதிக இரவு தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். இரவுகள் சமமாகி எது பிரதானம் என்று தெரியாவிட்டால், முதலில் கால் வைக்கும் நாட்டிடம். நம் குடும்பம் பாரிஸில் மூன்று, இன்டர்லாக்கனில் மூன்று, ரோமில் மூன்று இரவு என்று நேர்மையாகப் பங்கிட்டு, மிலானில் ஒன்று சேர்த்தது. இப்போது இத்தாலிக்கு நான்கு. சரி, இத்தாலி என்று போனால் அங்கே அப்பாயின்ட்மென்ட் இல்லை, பிரான்சுக்கு இருக்கிறது. உடனே மிலான் இரவு பறிபோய்ப் பாரிஸில் சேர்கிறது. மறுநாள் பார்த்தால் பிரான்சும் நிறைந்துவிட்டது, சுவிட்சர்லாந்தில் ஆறு இடம் திறந்திருக்கிறது. "அது என்னங்க, திடீர்னு சுவிஸ் மேல இவ்வளவு பாசம்?" என்று மருமகள் கேட்கிறாள். பாசம் இயற்கை அழகால் பிறப்பது என்பார் கூற்றுப் பொருந்தாது. அது அப்பாயின்ட்மென்ட் காலியான தேதியில் பிறப்பது.

2024 ஜூனில் ஏற்றிய விசாக் கட்டணக் கணக்குப்படி பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ. ஆறு முதல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 45. ஆக நம் ஆறு பேருக்கு 495. மேலும் ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, லீவு லெட்டர், ஒவ்வோர் இரவுக்கும் அறை பதிவு செய்த சான்று. விசா கிடைக்கும் என்று தெரியாமல் அறை போடுவது எப்படி? ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளைப் போடுவதுதான் வழி. ஆகையால் ஒரு கட்டத்தில் மகனின் பெயரில் மூன்று நாடுகளில் ஒரே இரவுக்கு அறைகள் நின்றன. ரத்துக்கான கடைசி நாள்களைக் காலண்டரில் குறிப்பவன் பிழைப்பான். தாத்தா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "பேக்கேஜ்னா அவனே பார்த்துப்பான்" என்றார். இது ஒன்பதாம் வேற்றுமை. பயணம் முழுக்க எல்லாப் பெயர்ச்சொல்லோடும் ஒட்டி வரும்.

அடுத்து நாள் பார்த்தல். இதைப் பயண ஏஜென்சிகள் புறக்கணித்தது பெரும் பிழை. பஞ்சாங்கப்படி வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் மேற்கே சூலம். ஐரோப்பா நமக்கு மேற்கே. சனிக்கிழமை அதிகாலை நான்கு மணி விமானத்துக்கு மகன் டிக்கெட் போட்டான். சனிக்குச் சூலம் கிழக்கே, ஆகவே தடையில்லை என்பது அவன் கட்சி. பாட்டி மறுத்தார். நாள் பிறப்பது சூரியோதயத்தில். நான்கு மணி என்பது வெள்ளியின் வால். அதோடு வீட்டைவிட்டுக் கிளம்புவதே வெள்ளி ராத்திரிதானே. இவ்வாதம் தருக்கத்தில் குறையற்றது. மேற்குச் சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம் என்று நூல் கூறுவதால், ஆளுக்கு ஒரு துண்டு வெல்லத்தோடு பிரச்சினை தீர்ந்தது. பாட்டியின் வாதத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நடுநிசிக்கும் விடியலுக்கும் நடுவே கிளம்புகின்றன. சனி என்று அச்சிட்ட டிக்கெட்டைப் பார்த்துச் சனி ராத்திரி மூட்டையோடு மீனம்பாக்கம் போய் நிற்பவர்கள் உண்டு. பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் அந்த விபத்து நேராது.

உணவு பற்றி விரித்தால் தனி நூலாகும். ஐரோப்பிய ஒன்றியம், வெளியிலிருந்து வருவோர் பையில் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவருவதைத் தடுத்திருக்கிறது. நெய் போயிற்று, பால்கோவா போயிற்று. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பிழைத்தன. மைசூர்பாகு பலகாரமா, அல்லது உருமாறிய நெய்யா என்ற தத்துவச் சிக்கலை ஆம்ஸ்டர்டாம் சுங்க அதிகாரி முன் எழுப்ப வேண்டாமென்று மகன் அதை வீட்டிலேயே தீர்த்துவிட்டான். செடி, இலை, பழம் எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே கறிவேப்பிலைக்கும் வெற்றிலைக்கும் வழியில்லை. ஆனால் ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, பேரீச்சை, துரியன், வாழைப்பழம், தேங்காய். கடைசி இரண்டையும் கவனிக்கவும். அர்ச்சனைத் தட்டுக்கு அது போதும் என்று பாட்டி ஒன்றியத்தை ஆசீர்வதித்தார்.

தட்டு எங்கே? அதுவும் வழித்தடத்திலேயே இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள் வரும் ரயில் பாரிஸில் நிற்பது கார் து நோர் நிலையத்தில். வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் லா ஷப்பேல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக நிற்கும். இடியாப்பம், கொத்து ரொட்டி, நகைக்கடை, தமிழில் எழுதிய பெயர்ப்பலகை. பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம், ஷெங்கனில் கையெழுத்தான அதே 1985இல் தொடங்கியது. ஆகஸ்டு கடைசியில் தேர் ஓடும்போது பாரிஸ் தெருவில் தேங்காய்கள் சிதறும். போரில் ஊரைவிட்டு வந்தவர்கள் உண்டாக்கிய தெரு அது. ஓட்டல் பதிவை ரத்து செய்வதே பெரும்பாடு என்று அலுத்துக்கொள்ளும் நம் குடும்பம் அங்கே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. மருமகளின் ஒரே நிபந்தனை அங்கே நிறைவேறியது என்பதையும் குறிக்க வேண்டும். சென்னையிலிருந்து சுமந்துவந்த ரைஸ் குக்கரைக் கொத்து ரொட்டி தோற்கடித்தது.

ரயில் மாறுவது தனிக் கலை. சுவிஸ் ரயில் சிறு நிலையங்களில் ஓரிரு நிமிடமே நிற்கும். ஆறு பேர், எட்டுப் பெட்டி, ஒரு ரைஸ் குக்கர். காட்பாடியில் இறங்கிப் பழகிய குடும்பம் ஸ்பீட்ஸிலும் இறங்கும் என்பதே துணிபு: நிலையம் வருமுன்னே கதவருகே நிற்பது, முதலில் பேத்தி, பிறகு பெட்டி, கடைசியாகத் தாத்தா. பேரனைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவனுக்கு இறங்க மனமில்லை. 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் நிலையத்துக்கு ஏறும் ரயில் பாதை 1912இல் திறந்தது. மலையைக் குடைந்து போட்ட வழி. பாட்டி பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஃப்ரீசரில் இருப்பதுதானே என்றார். பழி மகன் மேல்.

பழி முற்றும் இடம் பூட்டிய கதவு. லூவ்ர் செவ்வாய்க்கிழமை திறக்காது. அதே ஊரின் ஓர்சே அருங்காட்சியகம் திங்கள் திறக்காது. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்கா. அப்பாயின்ட்மென்டுக்காக இரவுகளை அங்குமிங்கும் நகர்த்தியதில், பேத்தியின் லூவ்ர் நாள் செவ்வாயில் வந்து விழுந்தது. கண்ணாடிப் பிரமிடுக்கு வெளியே நின்று அவள் ஒன்றும் பேசவில்லை. மற்ற நால்வரின் பழியையும் சேர்த்தால்கூட அந்த மௌனத்தின் எடைக்கு வராது. இத்தகைய நேரத்தில் பேக்கேஜ்காரர் குடும்பம் டூர் மேனேஜரைச் சூழ்ந்துகொண்டு, பத்து நிமிடம் கத்தி, பசித்துப்போய்ச் சமாதானமாகிவிடும். நம் குடும்பத்துக்கு அந்த வடிகால் இல்லை. தகப்பனைச் சூழ்ந்து கத்த முடியாது. அவன் கையில்தான் ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது.

ஆகவே பழியேற்பாரைக் கிளம்புமுன்னே நியமித்துவிட வேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. தகுதிகள்: பயணத்தில் உடன் வராதவர், ஐரோப்பாவுக்கு முன்பு ஒருமுறை போய்வந்தவர், கேட்காமலே யோசனை சொன்னவர். எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா உண்டு. கோடையில் பாரிஸைவிட நம் நேரம் மூன்றரை மணி முன்னே இருப்பதால், அங்கே மாலையில் வெடிக்கும் கோபம் அவருக்கு நடுநிசியில் போய்ச் சேரும். அவர் போனை எடுக்க மாட்டார். அதுவே ஒரு குற்றமாகும். "எல்லாம் எங்க சித்தப்பா சொன்ன பிளான்" என்று தகப்பன் சொன்னதும், பேத்தியின் முகம் முதல் முறையாக இளகியது. தாத்தா தம்பியைப் பற்றி 1974 முதல் தொகுத்து வைத்திருந்த குறைகளை வரிசையாகச் சொன்னார். ட்யூலரி தோட்டத்தில் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

சித்தப்பாவுக்கு இதற்கான கூலி, இன்டர்லாக்கனில் வாங்கும் ஒரு பெட்டி சாக்லேட். வழித்தடம் வடக்கிலிருந்து தெற்கு என்பதால் அது மிலான், ரோம் இரண்டு ஊரின் ஜூன் வெயிலையும் தாண்டி வந்தாக வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் கேட்பார்: "ஏம்ப்பா, இதைக் கடைசி ஊரில் வாங்கக்கூடாதா?"