பொனட் மாமா

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வழியில் எந்த டவுனிலும் சரி, பழைய கார் ஒன்றை ஓரங்கட்டி பொனட்டைத் தூக்குங்கள். யாரும் கூப்பிடாமலே அவர் வந்து நிற்பார். தலையில் கம்பளித் தொப்பி, எந்தக் காலத்திலோ ஒரு துரைக்குத் தைத்த கோட், கையில் பாதி குடித்த பிளேன்டீ. வந்தவர் எஞ்சினைப் பார்க்க மாட்டார், உங்களைத்தான் பார்ப்பார்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

தோட்டத்தைச் சொன்னால் டிவிஷனைக் கேட்பார். டிவிஷனைச் சொன்னால் தாத்தா பெயரைக் கேட்பார். பெண் பார்க்க வந்தவர்போல உங்கள் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்து முடிந்த பிறகுதான் வண்டியின் பக்கம் திரும்புவார்.

"சுத்துதா?"

"சுத்துது மாமா. எடுக்கத்தான் மாட்டேங்குது."

இந்தப் பதிலுக்காகவே அவர் காலையில் எழுந்து வந்திருக்கிறார். சுத்தவே சுத்தாத கார் அவருக்கு வேண்டாம்; பெற்றரி செத்துவிட்டது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஓடுகிற கார் அடியோடு வேண்டாம். சுத்தியும் எடுக்காத காரில்தான் அபிப்பிராயத்துக்கு இடமுண்டு.

அவர் யார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கொழுந்து லொறி ஓட்டியவர் என்பார்கள், கிளீனராக இருந்தவர் என்பார்கள். அவரைக் கேட்டால் மகாகஸ்தோட்டை ரேஸ் என்பார். 1934 முதல் பேர்போன அந்த மலையேற்றக் கார்ப் போட்டிக்கு ஏப்ரல் சீசனில் ஊரே திரளும். இவரும் ஆண்டு தவறாமல் போயிருக்கிறார், வளைவுக்கு மேலே மண்மேட்டில் உட்கார்ந்து பார்க்க. "அந்த வளைவுல நம்ம கணக்கே வேற" என்று அவர் சொல்லும்போது, எதை எண்ணிய கணக்கு என்று யாரும் கேட்பதில்லை. அவருக்குச் சொந்தமாகக் காரும் இல்லை.

இந்த மலைகளில் பழைய கார்களுக்கு என்றும் குறைவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரைமார் பலர் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போன ஆஸ்டின்களும் மொரிஸ்களும் கிளாக்கர் ஐயாமார் கைக்கும், கடை முதலாளிமார் கைக்கும், பிறகு அவர்கள் மருமக்கள் கைக்கும் இறங்கி வந்தன. மொரிஸ் மைனருக்கு இலங்கையிலேயே பாகம் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த காலமும் உண்டு. மாமாவின் தேசபக்தி முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடக்கம். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி திறக்கும்வரை, கொட்டிலில் கோழி அடைத்திருந்த வண்டிகளைக்கூடக் கழுவி விலை சொன்னார்கள். மாமாவுக்கு அது பொற்காலம். 2022இல் பெற்றோல் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டபோது அவர் வரிசையின் தலைக்கும் வாலுக்கும் நடையாய் நடந்து, ஒரு பொனட் விடாமல் பார்த்தார்.

வைத்தியத்துக்கு வருவோம். எடுக்காத காரில் ஒழுங்கான பாஸ் ஒருவர் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம்: பிளக்கில் பொறி வருகிறதா, காபரேட்டருக்குப் பெற்றோல் வருகிறதா. எது வரவில்லையோ அந்த வழியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். மாமாவுக்கு இப்படி வரிசை கிடையாது. அவருக்கு அருள்தான் வர வேண்டும்.

"ஆக்சிலேட்டர நல்லா பம்ப் பண்ணுங்க!" என்பது முதல் அருள்வாக்கு. மொரிஸ் மைனரில் இருக்கும் எஸ்.யூ. காபரேட்டரில் மிதிக்க மிதிக்கப் பெற்றோல் பீய்ச்சும் பம்ப் கிடையாது. எஞ்சின் நிற்கும்போது எத்தனை மிதி மிதித்தாலும் கால் உளைவுதான் மிச்சம். குளிரில் இழுக்க வேண்டியது சோக்கை. இதை மாமாவிடம் சொல்லிப் பாருங்களேன். "புத்தகம் படிச்சவங்க சொல்லுவாங்க" என்பார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஒன்றில் அவர் கெட்டிக்காரர். மைனரின் பெற்றோல் பம்ப் கரண்டில் ஓடுவது. சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக், டிக்' என்று அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் அடங்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் உள்ளே பொயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மாமா எல்லாரையும் கையமர்த்தி, காதைச் சாய்த்துக் கேட்டு, ஸ்பேனரின் பின்பக்கத்தால் பம்பின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டுவார். டிக் டிக் டிக். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! அன்றைக்குப் பிளேன்டீ வண்டிக்காரர் கணக்கில்.

காரணத்தில்தான் சறுக்குவார். "கொழும்புல டியூன் பண்ண வண்டிக்கு நுவரெலியாக் குளிர் ஒத்துக்காது" என்பார். ஒத்துக்கொள்ளாது என்பது சரி. ஆனால் குற்றவாளி குளிரல்ல. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு; கீழே அளந்து வைத்த பெற்றோல் மேலே வந்தால் கூடுதலாகிவிடும், பிளக்கில் கரி பிடிக்கும். மாமா குளிர் என்கிறார், பிளக்கைத் துடைக்கிறார், வண்டி எடுக்கிறது. யார் வழக்காடுவது?

எல்லாம் தோற்றால் கடைசி மருந்து: "ஒரு தள்ளு!"

கொட்டகலையில் ஒரு மழை நாள். ஒரு சேரின் சாம்பல் நிற மைனர் காலையிலிருந்து சுத்துகிறது, எடுக்கவில்லை. மாமா வந்தார், குலம் விசாரித்தார், பம்பைத் தட்டினார், பெற்றரியைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"பிளஸ் வயர பொடியில மாட்டியிருக்கான் சேர், எந்த மடையன்?"

"வெள்ளைக்காரனே அப்பிடித்தான் மாட்டியிருக்கான்" என்றார் சேர். உண்மைதான், அந்தக் கார் பிறப்பே அப்படி.

"அதான் எடுக்கல. சரி, தள்ளுங்க."

ஸ்டாட்டர் நன்றாகச் சுத்தியும் எடுக்காத எஞ்சின், தள்ளினால் மட்டும் ஏன் எடுக்க வேண்டும்? பெற்றரி தளர்ந்து, இருக்கிற கரண்டை ஸ்டாட்டரே தின்றுவிடுகிறது என்றால் தள்ளுவதில் அர்த்தமுண்டு. இல்லையென்றால் தள்ளுவதால் வண்டி இடம் மாறும், அவ்வளவுதான். மலைநாட்டில் இடம் மாறுவது என்றால் பள்ளத்துக்குப் போவது. ஆட்டோக்காரர், மூன்று பொடியன்கள், குடையைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு தபால்காரர், எல்லாரும் தள்ளினார்கள். மாமா தள்ளவில்லை, "கியர்! கியர்!" என்று கூவினார். மைனர் சத்தமில்லாமல் வளைவைக் கடந்து, இறக்கத்தின் அடியில், கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நிறுவைக்கு நின்ற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

கராஜ் பையன் சைக்கிளில் வந்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளிக் கழற்றி உள்ளே பார்த்தான். மூடிக்குள் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. ஈரம் கிடைத்தால் கரண்ட் பிளக்வரை போக மெனக்கெடாது, பாதி வழியிலேயே இறங்கிக்கொள்ளும். பையன் சேட்டின் உள்பக்கத்தால் மூடியைத் துடைத்தான், வயர்களையும் துடைத்தான், மாட்டினான். சேர் சாவியைத் திருப்பினார். எடுத்துவிட்டது.

"தள்ளினதுல உள்ளுக்குச் சூடாயிருச்சு. அந்தச் சூட்டுலதான் எடுத்துச்சு" என்றார் மாமா. பையன் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினான்.

சேர் கைதுடைத்துவிட்டுப் பார்த்தால், முன் சீட்டில் மாமா. கதவைச் சாத்தி, கோட்டை ஒழுங்குபடுத்தி, மடியில் ஒரு பையும் வைத்திருந்தார். அந்தப் பை அதுவரை எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"நம்மளும் தலவாக்கலைக்குத்தானே சேர்."

வழி நெடுக மொரிஸ் கம்பெனியின் குற்றங்குறைகளை விளக்கிக்கொண்டு வந்தார். தலவாக்கலை பஸ் நிலையம் வந்ததும் சேர் ஓரங்கட்டி, மரியாதைக்காகச் சாவியில் கை வைத்தார். மாமா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ சேர், நிப்பாட்டிறாதீங்க! ஓடும்போதே எறங்கிக்கிறேன்."