நாலாவது வாய்

ஏலே, இங்க வா. அந்தப் போனைக் கீழ வையி. வாடகை வீட்டுல மூணு ரூமுக்கும் டிவி இழுக்கணும்னு அலையுதியாமே? இருக்க ஆளு நாலு. டிவி மூணு. நாலாவது ஆளு என்னலே பாவம் செஞ்சான்?

கோவிச்சுக்காத. என் பேரன் கதையக் கேளு. மெட்ராஸ்ல வேளச்சேரிப் பக்கம் வாடகைக்கு இருக்கான். கம்ப்யூட்டர்ல பெரிய சோலி. அமெரிக்காவுல ஒரு மிஷின் மக்கர் பண்ணுனா இங்கன உக்காந்தே சரி பண்ணிருவானாம். ஆனா ஹால்ல தெரியுத படத்தப் பத்தடி தள்ளி இருக்க ரூமுக்குக் கொண்டு போக வழி தெரியல. போன மார்கழியில நான் போயிருந்தப்போ ரெண்டு புது டிவி அட்டைப் பெட்டியோட மூலையில நிக்கி. "வயர் எந்த வழியாலே வரும்?"னு கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் தாத்தா"ங்கான். பொண்ணு பாக்கதுக்கு முந்தி தொட்டில் வாங்குன கணக்கு.

வீட்டுக்காரர் லேசுப்பட்டவர் இல்ல. காலண்டருக்கு ஒரு ஆணின்னாலும் மூஞ்சி கோணிரும். அட்வான்ஸ் பத்து மாச வாடகை. மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல 2017-லயே சட்டம் போட்டாச்சு. ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா அது வேறன்னும் அதுலயே எழுதியிருக்கு. மனுசன் அந்த 'வேற'யை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு.

செவுத்துல கை வைக்க முடியாதுன்னதும் இவன் என்ன செஞ்சான்? வயரே வேண்டாத கருவி ஒண்ணு வாங்கிட்டு வந்தான். மாட்டுனா ரூம்ல படம் பளிச்சுனு வருது. என்ன படம்? ஹால்ல அவன் அம்மா பாக்குத அதே சீரியல். செட்-டாப் பெட்டி ஒண்ணுதானலே இருக்கு, அது ஒரு நேரத்துல ஒரு சேனலத்தான கக்கும்? மாமியா ஹால்ல அழுதா மருமவளும் ரூம்ல அழணும். கிரிக்கெட் பாக்க உக்காந்த பிள்ள அது. மூணு நாள் அவனோட பேசல.

பொறவு இன்னும் ரெண்டு பெட்டி வாங்குனான். மாடியில நிக்க டிஷ் தட்டுல இருந்து வாரது ஒத்த வயரு. அதுல ஸ்ப்ளிட்டர்னு ஒரு தகர டப்பாவ முடுக்கிப் பிரிச்சு விட்டான். அந்தால வந்துது பாரு வெனை. இவன் சேனல் மாத்துனா அடுத்த ரூம்ல படம் போயிருது. அவ மாத்துனா ஹால்ல கூச்சல். "அந்தக் காலத்துல நம்ம வீட்டுல இப்படித்தான பிரிச்சாங்க?"ன்னு என்னயவே கேக்கான்.

அது கேபிள்லே. கேபிளு வாய்க்கா மாதிரி. தெருவுல இருந்து தானா ஓடி வரும். மடையப் பிரிச்சு விட்டா ரெண்டு வயலுக்கும் பாயும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் பாதிக்கும் கொறவாத்தான் பாயும். தட்டு அப்படியா? அது கெணறு. நீ இறைச்சாத்தான் வரும். தட்டுக்கு முன்னால மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, எல்என்பி, அதுக்கு வீட்டுக்குள்ள இருக்க பெட்டி வயர் வழியா கரண்ட அனுப்பி உத்தரவு போடும். 13 வோல்ட் போனா நிமிந்து வார அலையக் கொடு, 18 போனா படுத்து வார அலையக் கொடுன்னு அர்த்தம். ஒரே கயித்தப் பிடிச்சு மூணு பேரு மூணு உத்தரவு போட்டா மூக்கு யார் பேச்சக் கேக்கும்? 18 அனுப்புனவன் ஜெயிச்சான். மத்தவங்க நீலத் திரையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்ங்கியா? மேல ஏறிப் பாத்தேன், வந்த மெக்கானிக்குக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், கேட்டேன். இன்டர்நெட்ல தேடுனா இவ்வளவு சுருக்கச் சொல்லுவானா?

தட்டட்டியில ஏழு தட்டு நிக்கி. வந்து போன வாடகைக்காரன் ஒவ்வொருத்தனும் விட்டுட்டுப் போனது. ஒண்ணுல காக்கா. ஒண்ணக் கழட்டி மல்லாத்திப் போட்டு யாரோ மொளவா காயப் போட்டிருக்காங்க. எனக்கு எங்க ஊரு ஆன்டெனா ஞாபகம் வந்துட்டு. மெட்ராஸ்ல 1975-லயே டிவி வந்தாச்சுன்னாலும் அந்த அலை எங்க திருச்செந்தூர்ப் பக்கம் எட்டாது. 1982-ல கொழும்புல ரூபவாகினி வந்த பொறவு, கடலப் பாத்து ஆன்டெனாவத் திருப்பி வச்சோம். சிங்களத்துல ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் நியூஸ் முடியுத மட்டும் எந்திரிக்க மாட்டோம். எங்க சித்தப்பா நடுநடுவுல தலைய வேற ஆட்டுவாரு.

சரி, அத விடு. மெக்கானிக் பையன் பழைய மூக்கக் கழட்டிட்டு நாலு வாய் உள்ளத மாட்டுனான். பெட்டிக்கு ஒரு வாய், வாய்க்கு ஒரு வயரு. தீந்துது சண்டை. வயரு சீவுததப் பக்கத்துல குத்த வச்சுப் பாத்தேன். கறுப்புத் தோல உரிச்சா உள்ள வெள்ளிக் கம்பி வலை. அதுக்குள்ள வெள்ளப் பஞ்சு. நடுவுல செம்பு ஊசி. வலையில ஒரு முடி அந்த ஊசியத் தொட்டாப் போதும், படம் அவுட். பையன் அந்த முடியெல்லாத்தையும் பின்னால மடிச்சு விட்டுட்டு மூடியத் திருகுனான், பூக்காரி நாரு மடிக்க மாதிரி.

செவுரு? தொடவே இல்ல. ஏசிக் குழாய் போக வீட்டுக்காரரே போட்ட ஓட்டை இருக்குல்லா? அதுலயே மூணு வயரும் நுழைஞ்சுட்டு. உள்ள கதவு நிலை ஓரமா, தரையோட ஒட்டி ரூமுக்குப் போச்சு. ஓட்டைக்கு வெளிய வயர ஒரு சாண் கீழ தொங்க விட்டு மேல ஏத்தச் சொன்னேன். "எதுக்கு தாத்தா?"ங்கான் பேரன். மழைத் தண்ணி வயரப் பிடிச்சுக்கிட்டே இறங்கும்லே. தொங்கல்ல சொட்டிட்டுப் போவும். இல்லன்னா நேரா உன் கட்டில்ல வந்து சொட்டும். ஓலக் கூரையில இருந்தவனுக்கு இது தெரியாதா?

மறுநா சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தாரு. நேரா மாடிக்குப் போயிட்டு இறங்கி வந்தாரு. செவத்தத் தடவிப் பாத்தாரு, ஏசி ஓட்டையக் குனிஞ்சு பாத்தாரு. பேரனுக்கு மூச்சே நின்னுட்டு. அவர் செத்த நேரம் தலையச் சொறிஞ்சாரு.

"தம்பி, எங்க வீட்டுலயும் அதே கம்பெனிப் பெட்டிதான். மாடி ரூமுக்கு ஒண்ணு வேணும்னு வீட்டுக்காரி நச்சரிக்கா. அந்த மூக்குல நாலாவது வாய் சும்மாதான இருக்கு?"

"இருக்கு சார். ஆனா உங்க பக்கம் ஓட்டை..."

அதுக்குள்ள மனுசன் வீட்டுல இருந்து டிரில் மிஷினத் தூக்கிட்டு வந்துட்டாருலே.