டேப் மாமா

கோட்டைப்பட்டினத்தில் ஒரு வீட்டு வாசலில் ஜல்லியும் எம்சாண்டும் வந்து இறங்கினால், கொத்தனாருக்கு முன்னால் டேப் மாமா வந்து நிற்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இடுப்பில் ஐந்து மீட்டர் டேப், காதில் பென்சில். மற்றவர்கள் 'நல்லாருக்கியளா' என்று கேட்கும் இடத்தில் அவர் 'எத்தனை சதுரம்?' என்பார். அவருக்கு அதுதான் குசலம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இப்படி ஊருக்கு ஒருவர் உண்டு. சிங்கப்பூரிலோ துபாயிலோ கட்டட வேலை பார்த்துத் திரும்பியவராக இருப்பார். வேலையை விட்டாலும் கை அளவை விடாது. கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு முந்தும்போது எங்கள் மாமா பந்தல்காலுக்கும் பந்தல்காலுக்கும் இடைவெளி பார்த்துக்கொண்டிருப்பார்.

மொட்டை மாடி என்றால் அவருக்கு உயிர். மேலே எதைக் கட்டினாலும் நம் மக்கள் அதற்கு ஹெட்ரூம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரண வீட்டுக்கு மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்ட இடம் தருகின்றன. 24 சதுரம் மனைக்கு 48 சதுரம். மாடிப்படி போய் முடிகிற அறையும் தண்ணீர்த் தொட்டியும் இந்தக் கணக்கில் சேராது. சேராது என்று தெரிந்த நாளிலிருந்து மாடிப்படிகளுக்கு ராஜ வாழ்க்கைதான். ஒரு வீட்டு ஹெட்ரூமில் இரட்டைக் கட்டிலும் ஏசியும் இருந்தன. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "படிக்கட்டு உள்ள படுத்துத் தூங்குதா?" என்றார்.

கடல் பக்கம் போனால் உயரக் கணக்கு வேறு. ஊர்ப்புறக் கடற்கரையில், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், வீடு கட்ட அனுமதி கிடைக்கிற இடத்திலும் 9 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. தரைத்தளம், அதன்மேல் ஒரே மாடி. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இல் சொன்னது, 2019-லும் சொன்னது. இதைக் கேட்ட விசைப்படகுக்காரர் ஒருவர், "அஞ்சு பாகம்னு வச்சுக்கலாமா மாமா?" என்றார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கடலாழம் பார்க்கிறவருக்கு வீட்டு உயரமும் அதுதானே. மாமா பென்சிலை எடுத்தார். பாகத்துக்கு ஆறடி, ஐந்துக்கு முப்பதடி, 9.14 மீட்டர். "பதினாலு சென்டி கூடுது. கையக் கொஞ்சம் மடக்கிக்க."

அப்படிப்பட்டவருக்கு லண்டனில் இருக்கும் மருமகனிடமிருந்து ஒரு நாள் போன் வந்தது. "மாமா, லாப்ட்ல ஒரு ரூம் போடலாம்னு இருக்கோம்."

"லாப்ட்லயா? அதுல அண்டா வைக்கிறதுதானே?"

அங்கே லாப்ட் என்றால் ஓட்டுக்கூரைக்கு அடியில் வீடு முழுக்க நீளும் பரண் என்பது புரிய அரைமணி ஆனது. பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. இங்கிலாந்தில் தனி அனுமதி இல்லாமல் கூரையைப் பெரிதாக்க ஒரு வரம்பு உண்டு: வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர், மற்ற வீடுகளுக்கு 50. வாழ்நாளெல்லாம் சதுரத்தில் பேசியவருக்குக் கனம் கிடைத்துவிட்டது!

மருமகன் வீடு ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. ஆக 50. கூரைக்குள் ஏற்கெனவே இருக்கும் இடம் கணக்கில் வராது. பழைய சரிவைத் தாண்டிப் புடைக்கிற பாகம் மட்டும்தான், அதுவும் வெளியளவில். படகுத்துறையில் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு மாமா அதன்மேல் வரைந்தார். பின்பக்கம் புடைக்கும் அறை, பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம். அகலம் 5, உயரம் 2.5, ஆழம் 4. பெருக்கி இரண்டால் வகுத்தால் 25. ஓரத்துச் சாய்வை நீக்கிச் சுவரை உச்சிவரை எழுப்புவது இன்னொன்று. 8, 4, 3. பெருக்கி ஆறால் வகுத்தால் 16.

"ஏன் மாமா ஆறு?" என்று ஐஸ் உடைக்கிற பையன் கேட்டான்.

"சுவர் எழுப்பினா பெட்டியில பாதி. சாய்வா இருந்தா மூணுல ஒண்ணு. பாதியில மூணுல ஒண்ணக் கழிச்சா என்னடா வரும்?" பையன் ஐஸ் உடைக்கப் போய்விட்டான்.

மொத்தம் 41. ஆனால் மாமா சும்மா விடுகிறவரா? "முன்னாடி இருந்தவரு கூரையில ஏதும் கட்டினாரா மாப்பிள்ளை?"

"சின்னதா ஒண்ணு இருக்கு மாமா. பத்து வரும்."

அங்கே சட்டம் அப்படி. முன்னால் இருந்தவர் கட்டியதும் வீட்டோடு சேர்ந்து வரும், கூட்டிக்கொள்ள வேண்டும். 51.

ஒரே ஒரு கன மீட்டர். அன்று இரவு மாமா தூங்கவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு விடை கிடைத்தது. உடனே போன் போட்டார். லண்டனில் அப்போது நள்ளிரவு தாண்டி அரைமணி.

"மாப்பிள்ளை, அகலத்தில இருபது சென்டி குறைங்க. ஒரு சாணுக்கும் கம்மிதான். 24, 16, 10. அம்பது கச்சிதமா நிக்குது!"

மறுமுனையில் நீளமாக ஒரு கொட்டாவி. "மாமா, உங்க மக லாப்ட் வேணாம்ங்கறா. கீழ சமையக்கட்டத்தான் பின்னால இழுக்கணுமாம்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"எத்தனை சதுரம்?"