முதலில் ஷூ, பிறகுதான் காற்று

கேள்வி: மொரிஸ் மைனர் வைத்திருக்கிறேன். நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தாயிற்று, பிரேக் ஆயில் தீர்ந்ததுதான் மிச்சம். பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது, இரண்டாவது தரம் மிதித்தால்தான் பிடிக்கிறது. காற்று எங்கேதான் ஒளிந்திருக்கிறது?

பதில்: இல்லாத காற்றைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர், பின்சக்கரத்துக்கு ஒவ்வொன்று, ஆக மொத்தம் ஆறு. ஆறுக்கும் ஆயில் அனுப்புவது ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். எல்லாம் ஒரே விட்டம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷூ டிரம்மைத் தொடுவதற்கு ஒவ்வொரு வீல் சிலிண்டரிலும் 1 மி.மீ. கூடுதல் நகர்வு தேவைப்பட்டால், மாஸ்டர் பிஸ்டன் 6 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால் உங்கள் கால் 30 மி.மீ. இறங்கும். ஒரு குமிழிகூட இல்லாமலே பெடல் ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விட்டது! இந்தக் காரில் ஷூ தானாக நெருங்காது. லைனிங் தேயத் தேய நாம்தான் அட்ஜஸ்டரைத் திருக வேண்டும். முன்சக்கரத்தில் ஒரு ஷூவுக்கு ஒன்றாக இரண்டு அட்ஜஸ்டர் உண்டு. ஒன்றைத் திருகிவிட்டு, சக்கரத்தைச் சுற்றி இரண்டாவதைப் பார்க்காமல் எழுந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இரண்டாவது மிதிக்குப் பெடல் ஏறுவதே காற்று இருப்பதற்கு அத்தாட்சி என்பார்கள். அது பாதி உண்மை. ஷூ தளர்ந்திருந்தாலும் ஏறும், காற்று இருந்தாலும் ஏறும். ஏறிய பிறகு காலுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி. கல் மாதிரி நின்றால் ஷூ தளர்வு. மெத்தென்று அமுங்கினால் காற்று, அல்லது அழுத்தத்தில் உப்பும் பழைய ரப்பர் ஹோஸ். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் எங்காவது ஆயில் கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. எல்லா அட்ஜஸ்டரையும் சக்கரம் சுழலாத அளவுக்கு இறுக்கிவிட்டு மிதியுங்கள். பெடல் உயரத்திலேயே கெட்டியாக நின்றால் ஏர் எடுக்கும் நிப்பிள் பக்கம் போகவே வேண்டாம். பிறகு சக்கரம் தடையில்லாமல் சுழலும் வரை மட்டும் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். ஷூவை இறுக்கினால் நன்றாக இருக்கிறது, தளர்த்தினால் மெத்தென்றாகிறது என்றால், புது லைனிங்கின் வளைவு டிரம்மின் வளைவோடு ஒட்டவில்லை. அங்கே ஷூதான் வளைந்துகொடுக்கிறது. அதை எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: பிரேக் ஆயில் எந்த நிறத்தில் இருக்க வேண்டும்?

பதில்: புது டப்பாவைத் திறந்ததும் எந்த நிறத்தில் இருந்ததோ, அந்த நிறத்தில்.

கேள்வி: முதலில் ஷூ என்று எப்போதும் சொல்கிறீர்கள். எனக்குக் கண்ணெதிரே குமிழி வந்துகொண்டே இருக்கிறதே!

பதில்: வரட்டும், எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். வாக்குவம் பம்ப் போட்டு உறிஞ்சினால், தளர்த்திய நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து குழாய்க்குள் வரும். சிலிண்டருக்குள் காற்றே இல்லாவிட்டாலும் குமிழி ஓயாது. அதனால்தான் அந்தப் பம்ப்பை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறக்க, கால் எழும் முன்பே மூட வேண்டும். இந்தப் பழைய முறைக்கு ஈடு இல்லை. ஆனால் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. பல வருடங்களாகப் பிஸ்டன் தொடாத பகுதியில் துரு படிந்திருக்கும், ரப்பர் கப் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். இன்னொன்று, மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. மூடி கண்ணில் படாததால் ஆயில் தீர்ந்ததே தெரியாமல் காற்றை உள்ளே பம்ப் செய்துகொண்டிருப்பவர்கள் பலர். ஏழெட்டு மிதிக்கு ஒரு முறை ஊற்றுங்கள், திறக்கும் முன் சுற்றிலும் துடையுங்கள். தூரத்துச் சக்கரத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: பழைய ரப்பர் கப்பைப் பெட்ரோலில் கழுவிப் போடலாமா?

பதில்: கூடாது. ரப்பர் உப்பிப் பிஸ்டன் சிக்கும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள்.

கேள்வி: வருடத்துக்கு முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு ஆயில் மாற்றுவது வீண்செலவு இல்லையா?

பதில்: பிரேக் ஆயில் நின்ற இடத்திலேயே காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு தர விதி கேட்பது 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். அங்கே கொதித்துப் பிறக்கும் ஆவிக்கு ஷூவை எவ்வளவு நெருக்கியும் பயனில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பின்சக்கரத்தின் உள்பக்கம் லேசாக ஈரம் தெரிகிறது. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. மெதுவாக ஓட்டினால் ஆபத்து இல்லையே? குழந்தைகளை வெளியே அழைத்துப் போக வேண்டும்.

பதில்: ஆபத்து உண்டு. இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றாக இருக்கிறது, ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். உங்கள் காரில் இருப்பது ஒரே சுற்று. ஒரு சிலிண்டரின் கப் கிழிந்தால் நாலு சக்கரமும் ஒரே நொடியில் கைவிட்டுவிடும், பின்சக்கரத்தைப் பிடிக்கும் கைபிரேக் ஒன்றுதான் மிஞ்சும். மெதுவாகப் போனாலும் குறுக்கே ஓடிவரும் பிள்ளைக்கு முன்னால் கார் நிற்க வேண்டுமே. ஈரம் பட்ட லைனிங்கைத் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம். சிலிண்டரையும் லைனிங்கையும் மாற்றுங்கள், எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் திறந்து பாருங்கள். அதுவரை தயவுசெய்து காரை வெளியே எடுக்காதீர்கள், குழந்தைகளை பஸ்ஸில் அழைத்துப் போங்கள்.