ஈ3-க்குப் பக்கத்திலா ஈ4?

ஈஸ்ட் ஹாம், லண்டன்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தம்பிக்கு அறை பார்த்துவிட்டீர்களாமே. "கல்லூரி ஈ3, அறை ஈ4. அடுத்த எண்தானே, நடந்தே போய்விடுவான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயுசு முழுக்கத் தபால் நிலையத்தில் இருந்தவர், பின்கோடின் முதல் இலக்கம் மண்டலம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், அப்படித்தான் கணக்குப் போடுவீர்கள். ஆனால் தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த ஊர்த் தபால் துறையினர் 1917-இல் தபால் பகுதிகளுக்கு எண் போட்டபோது, கிழக்கு லண்டனில் (ஈ என்றால் ஈஸ்ட்) தலைமை நிலையம் இருந்த பகுதிக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்தார்கள். மற்ற இடங்களையெல்லாம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி ஆங்கில அகரவரிசையில் நிறுத்தினார்கள். பெத்னல் கிரீன் 2. போ 3 (ஊரின் பெயர்தான், விரட்டவில்லை). சிங்ஃபோர்டு 4. சிங்ஃபோர்டு எப்பிங் காட்டை ஒட்டி, லண்டனின் வட ஓரத்தில் கிடக்கிறது. தம்பி அங்கிருந்து நடக்கத் தொடங்கினால் முதல் வகுப்பு முடிந்திருக்கும்.

இதைவிட வேடிக்கை ஈ20. பிபிசி தொடர் ஒன்றில் வரும் கற்பனை ஊருக்காகக் கதாசிரியர்கள் வைத்த எண் அது. 2011-இல் அதையே எடுத்து ஒலிம்பிக் பூங்காவுக்கு நிஜமாகவே கொடுத்துவிட்டார்கள். உங்கள் மேலதிகாரி யாராவது சினிமா பார்த்துப் பின்கோடு வைத்திருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்களா?

சரி, எண்ணை விட்டுப் பெயரைப் பிடிக்கலாமென்றால் அதுவும் காலை வாருகிறது. வெஸ்ட் ஹாம் லண்டனுக்கு மேற்கில் இல்லை, அதுவும் கிழக்குதான். ஈஸ்ட் ஹாம் அதற்கும் கிழக்கு. 1965 வரை இரண்டும் லண்டன் நிர்வாகத்திலேயே கிடையாது, எசெக்ஸில் இருந்தன. வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி ஆடுவது ஸ்ட்ராட்ஃபோர்டில். அந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரும் இல்லை. செல்சி அணியோ ஃபுல்ஹாமில் ஆடுகிறது. கிளாப்பம் ஜங்ஷனில் இறங்கினால் நிற்பது பாட்டர்சீயில். எட்ஜ்வேர் ரோடு என்று ஒரே பெயரில் இரண்டு சுரங்க ரயில் நிலையங்கள், ஒன்றிலிருந்து மற்றதற்கு வெளியே வந்து நடக்க வேண்டும். எட்ஜ்வேர் வேறெங்கோ, நார்தர்ன் லைனின் கோடியில். அந்த நார்தர்ன் லைன் லண்டனின் தெற்கே மார்டன் வரை போகிறது!

ஆக்டன் என்ற இடத்தில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு நான்குக்கும் நிலையம் உண்டு. போதாதென்று இன்னும் மூன்று. "ஆக்டன்ல இறங்கு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்பவரை நம்பாதே என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

அறையை நானே இந்தப் பக்கம் பார்க்கிறேன். இங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் போ ரோட்டில் இறங்கிக்கொள்ளலாம். மாறவே வேண்டாம்.

சித்தி கோயில் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஈஸ்ட் ஹாம் முருகன் கோயில் என்றுதான் நாங்கள் சொல்வோம். முகவரியில் மேனர் பார்க், ஈ12 என்று இருக்கும். அர்ச்சனைக்குத் தம்பியின் நட்சத்திரத்தை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அதற்கு வரைபடம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்