ரோட்டு ரேட்

அச்சரப்பாக்கத்தை ஒட்டிப் போகும் ஜிஎஸ்டி சாலையில் அவரைத் தேடிக்கொண்டு போக வேண்டாம். இன்ஜின் சூடானாலும், வயிறு காய்ந்தாலும், பின் சீட்டுப் பிள்ளை "ஒன்னுக்கு வருதுப்பா" என்றாலும் வண்டி கடைசியில் அவர் வாசலில்தான் நிற்கும். காலையில் டீ, வடை. மத்தியானம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா. கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில், கொக்கியில் சிப்ஸ் சரம், கோடை வந்தால் வாசலில் தர்பூசணிக் குவியல். கல்லாவுக்கு மேலே முருகன், மேல்மருவத்தூர் அம்மன், காலமான அப்பா மூவரும் மாலை போட்டுக்கொண்டு கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் இரண்டு பேருக்கும் சிரித்த முகம். அப்பா மட்டும் கொஞ்சம் கவலையாக இருக்கிறார்.

பெயர் வேண்டாம், முதலாளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். "பேராசையெல்லாம் நமக்கு ஆவாது சார். நியாயமான லாபம் வந்தா போதும்" என்பார். யாரும் கேட்காமலே சொல்வார். சொல்லிக்கொண்டே, மீதிச் சில்லறைக்குப் பதில் இரண்டு மிட்டாயை உங்கள் உள்ளங்கையில் வைப்பார். அதே மிட்டாயை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் டீ கிடைக்குமா என்று இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவரிடம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லை உண்டு: வடக்கே மேல்மருவத்தூர், தெற்கே தொழுப்பேடு. இதற்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உள்ளூர் ரேட். மற்ற எல்லோருக்கும் ரோட்டு ரேட். சுவரில் விலைப்பலகை இருக்கத்தான் செய்கிறது. டீ, காபி, பூரி செட் என்று பட்டை எழுத்தில் வரிசையாக எழுதி, எதிரே எண் இருக்க வேண்டிய இடங்களில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. கேட்டால், "ரேட்டு மாறிக்கினே கீது சார், பெயிண்டர் வரணும்" என்பார். பெயிண்டர் வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறார்.

வருகிறவர் எந்த ரேட்டுக்கு உரியவர் என்பதை அவர் முகத்தில் படிப்பதில்லை, வண்டியின் நம்பர் பிளேட்டில் படிக்கிறார். டிஎன் 19 செங்கல்பட்டு, நம்ம பிள்ளை. டிஎன் 11 தாம்பரம், அரை உறவு. ஆள் இறங்கிப் பேசட்டும், பார்க்கலாம். பிஒய் 01 புதுச்சேரி என்றால் முகம் மலரும். அங்கிருந்து உற்சாகமாகத் திரும்புகிறவர்கள் பொதுவாக விலை கேட்பதில்லை. கேஏ என்று கர்நாடக எழுத்து கண்ணில் பட்டால் நாற்காலியை விட்டு எழுந்தே விடுவார். "வாங்க வாங்க, ஃபேமிலி உள்ள உக்காரலாம்." மரியாதை ஏற ஏற விலையும் ஏறும். உள்ளூர்க்காரர் யாரையும் அவர் எழுந்து வரவேற்றதே கிடையாது. "இன்னா வாத்தியாரே, நேத்து ஆளக் காணோம்?" என்று உட்கார்ந்தபடியே கேட்பார். அந்த அலட்சியத்துக்குள்ளே எட்டு ரூபாய் தள்ளுபடி இருக்கிறது.

வாத்தியாரிடம் எட்டு ரூபாய் கூடுதலாக வாங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் கடைத்தெரு, ரேஷன் கடை க்யூ, கோயில் மண்டபம் எல்லா இடத்திலும் அந்த எட்டு ரூபாய் எண்பது ரூபாயாக வளர்ந்திருக்கும். பெங்களூர் கார்க்காரர் எங்கே போய்ச் சொல்வார்? ஆத்தூர் டோல்கேட் வருவதற்குள் அவருக்கே மறந்துவிடும்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ள மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்று பட்டினப்பாலை புகழ்கிறது. புகழட்டும். ஆனால் அது துறைமுகம். இந்தப் பருவத்தில் வந்த கப்பல் அடுத்த காற்றுக்கு அதே துறைக்கு அதே ஆளோடு வரும். ஏமாந்தவன் இன்னும் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டு வருவான். நாலு வழிச்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு அந்தப் புலவர் என்ன பாடியிருப்பார் என்பது ஆராய்ச்சிக்குரியது.

முதலாளிக்கு வந்த ஒரே பெரிய சோதனை, பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் பெட்டி. கைப்பேசியில் பணம் அனுப்புகிற காலம். பெட்டி வைக்காமல் முடியாது. வைத்த முதல் நாளே அது வேலையைக் காட்டியது. வாத்தியார் ஸ்கேன் செய்தார்: "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது." பின்னாலேயே சென்னைக் குடும்பத்தில் ஒருவர் ஒரே ஒரு டீக்கு ஸ்கேன் செய்தார்: "இருபது ரூபாய் பெறப்பட்டது." கடையில் ஒரு நிமிஷம் யாரும் உறிஞ்சவில்லை. சென்னைக்காரர் தம்ளரைத் தூக்கிப் பார்த்தார். வாத்தியாரும் தன் தம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "அவரு சக்கரை கம்மி சார்" என்று முதலாளி சமாளித்தார். எட்டு ரூபாய்க்கு எவ்வளவு சர்க்கரை வரும் என்று கணக்குப் போடத் தெரிந்த வாத்தியார் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தார். அவருக்கு அடுத்த நாளும் பன்னிரண்டு ரூபாய் டீ வேண்டும். உள்ளூர் மௌனம் என்பதும் அந்த லாபத்தில் ஒரு பங்குதாரர்தான். அன்று முதல் பெட்டி கல்லாவுக்குள்ளே, துணி மூட்டைக்கு அடியில் இருந்தபடி முனகுகிறது.

தண்ணீர் பாட்டில் கதை தனி. பாட்டிலில் 20 ரூபாய் என்று அச்சடித்திருக்கிறது. அவர் கேட்பது 25. ஐந்து ரூபாய் எதற்கு? "கூலிங் சார்ஜ் சார்." சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகள், பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக் கூடாது என்கின்றன, குளிர்ச்சிக்கு என்று தனி விலை கிடையாது. இதை ஒருவர் எடுத்துச் சொன்னார். முதலாளி அசரவில்லை. "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு சார், ஓட்டல்ல கூட விக்கலாம்னு. வாட்ஸ்அப்புல வந்திச்சே." வந்தது உண்மைதான். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓட்டல்களும் உணவகங்களும் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்றது. அங்கே உட்கார்ந்து, பரிமாறச் செய்து, இடத்தையும் அனுபவித்துக் குடிக்கிறார்கள் என்பது காரணம். "இங்க பெட்டியிலேர்ந்து நானே எடுத்து, நின்னுக்கிட்டே குடிக்கிறேனே" என்றார் வந்தவர். மறுவாரம் பார்த்தால், பாட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. "உக்காந்து குடிங்க சார்." தீர்ப்பை இவ்வளவு விரைவாக நடைமுறைப்படுத்தியவர்கள் நாட்டில் குறைவு.

அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும். ரோட்டோர இடத்துக்கு வாடகை சாதாரணமில்லை. பரோட்டா மாஸ்டருக்குச் சம்பளம், தங்க இடம், ஊருக்குப் போனால் திரும்பி வருவாரா என்ற பயம். 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை பெரும்பாலும் மாதம் முதல் தேதி மாறுகிறது. நான்கு மணி நேரம் ஈ ஓட்டினால் ஒரு மணி நேரம் கூட்டம். பிசைந்த மாவு அதுவரை காத்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே கழிப்பறை. ஒரு பஸ் நின்றால் நாற்பது பேர் இறங்குகிறார்கள். நாற்பது பேரும் பின்பக்கம் போகிறார்கள். மூன்று பேர் டீ குடிக்கிறார்கள். மோட்டார் கரண்ட், பினாயில், கழுவுகிற அம்மாவின் கூலி அத்தனையும் அந்த மூன்று டீயில்தான் ஏற வேண்டும். ஆகவே தாழ்ப்பாள் விழுகிற, தண்ணீர் வருகிற கழிப்பறை இருக்கும் கடையில் இருபது ரூபாய் டீயை நான் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் பெண்களோடும் பிள்ளைகளோடும் பயணம் போனவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். அதைப் பலகையில் எழுதி எல்லோரிடமும் வாங்கினால் அது வியாபாரம். ஆள் பார்த்து வாங்குவதும், கழிப்பறைச் சாவியைக் கல்லாவில் வைத்துக்கொண்டு "மொதல்ல பில்லப் போடுங்க" என்பதும் வேறு.

கோவைக்குப் பக்கத்தில் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றுப் புகழ்பெற்றதை ஒரு வாடிக்கையாளர் நினைவூட்டினார். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தம்மா சாமி சார். கும்பிடுறேன். அவங்கள வெச்சு எனக்கு ரேட்டு போடாதீங்க." இதிலும் அவர் பக்கம்தான் நான். ஒரு ரூபாய் இட்லி தர்மம். தர்மத்தை அளவுகோலாக வைத்தால் எந்தக் கடையும் ஆறு மாதம் தாண்டாது.

ஆனால் ஏறுகிற விலைக்கு அவரிடம் இருக்கிற வேகம் இறங்குகிற விலைக்கு இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, அரசே சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. முதலாளி மறுநாளே சாப்பாட்டில் பத்து ரூபாய் ஏற்றினார், சோகமான முகத்தோடு. சில வாரங்களில் தக்காளி தரைக்கு வந்தது. சாப்பாடு வரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பாட்டில் தண்ணீருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ரயில்வேகூட ரயில் நீர் லிட்டரை 15 ரூபாயிலிருந்து 14 ஆக்கியது. ஊரில் ரயில் நிலையம் இருந்தும் அந்தச் செய்தி ரோட்டுக்கு வந்து சேரவில்லை. "வரி கொறஞ்சிடுச்சாமே முதலாளி?" என்றால், "ரோட்டுக்கே ஜிஎஸ்டின்னு பேரு வெச்சுட்டுப் பூட்டான் வெள்ளக்காரன், நான் இன்னா பண்றது?" என்கிறார்.

அவரை நெருக்கினால் ஆத்தூர் பக்கம் கை காட்டுவார். "டோல்கேட்டுல சத்தமில்லாம கழிக்கிறான், ஒரு வார்த்த கேக்கறீங்களா? வருஷா வருஷம் ஏத்துறான். எங்கிட்ட அஞ்சு ரூபாய்க்கு சண்டைக்கு நிக்கிறீங்க." இதற்கு நம்மிடம் பதில் கிடையாது. மகேந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் மகன் வேறு அப்பாவுக்குப் புதுத் தைரியம் கொடுத்துவிட்டான். "இது தப்பே இல்லப்பா. பொங்கலுக்கு ஆம்னி பஸ்ஸுல இல்லியா, ஃப்ளைட்டுல இல்லியா? இதுக்குப் பேரு டைனமிக் பிரைசிங்." முதலாளி கண் கலங்கிவிட்டார். இத்தனை வருஷமாகச் செய்துவந்ததற்கு இவ்வளவு கௌரவமான பெயர் இருப்பது தெரியாமல் அப்பா படத்துக்கு முன்னால் கூசிக்கொண்டே விளக்கு ஏற்றியிருக்கிறார்.

விளக்கு என்றதும் அவருடைய புண்ணியக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையில் கூட்டம் கூட்டமாகப் போகும் தைப்பூச நாட்களில் கடை வாசலில் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுவார். காசு வாங்க மாட்டார். பந்தலிலிருந்து நான்கு அடி தள்ளி அதே பாட்டில் தண்ணீர் அன்று 30 ரூபாய். "அது புண்ணியக் கணக்கு, இது கடைக் கணக்கு. ரெண்டையும் கலக்கக் கூடாது" என்பார். ஆட்சீஸ்வரர் கோயில் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசியும் உண்டு. அந்தக் கோயிலின் கதையே ரோட்டுக் கதைதான். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்க மறந்ததால் தேரின் அச்சு இங்கே முறிந்தது என்பது தலபுராணம். ஆக, இந்த ஊரில் வண்டி பழுதாகி நின்ற முதல் வெளியூர்க்காரர் அவர்தான். பழுதுபார்த்த விநாயகர் கேட்டது ஒரு கும்பிடு மட்டும். லேபர் சார்ஜ், நைட் சார்ஜ் எதுவும் போடவில்லை. முதலாளியின் மச்சான் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார்; அவரிடம் இந்தக் கதையைச் சொன்னால், "அது ஃபேமிலி மேட்டரு சார்" என்கிறார்.

மழை பெய்து சாலை அடைபட்டால் இந்த மனிதரைப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை விழுப்புரத்தை அடுத்த அரசூரில் நெடுஞ்சாலையை மூழ்கடித்து, சென்னை–திருச்சி போக்குவரத்தே நின்றது. அப்படிப்பட்ட ராத்திரிகளில் முதல் மணி நேரம் டீ விலை ஏறும், பிஸ்கட்டும் ஏறும். ரோட்டு ரேட்டுக்கு மேல் மழை ரேட். இரண்டாம் மணி நேரத்தில் திருச்சிக்குப் போகிற பெரியவர் கல்லா பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேத்தி கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். மூன்றாம் மணி நேரத்தில் முதலாளி அவரை மாமா என்று கூப்பிடுவார். நள்ளிரவுக்கு மேல் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, "இதுக்குப் போயி காசு கேப்பாங்களாக்கா?" என்பார். விடியும்போது டீ பன்னிரண்டு ரூபாய்க்கு வந்திருக்கும். மனம் மாறிவிட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. வண்டிகள் நகரவில்லை, காலையிலும் இதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். சாலை திறந்து முதல் லாரி கிளம்பியதும் விலையும் கிளம்பும்.

அதனால் அடுத்த முறை அச்சரப்பாக்கத்தில் நிறுத்தினால், வண்டியை நம்பர் பிளேட் தெரியாதபடி ஓரமாகப் போடுங்கள். மெனு கேட்காதீர்கள், பாத்ரூம் எங்கே என்று கேட்காதீர்கள், நேரே பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னா முதலாளி, நேத்து கட சாத்திட்டீங்களா? எப்பவும் போல ஒண்ணு போடுங்க" என்று சொல்லுங்கள். எட்டு ரூபாய் மிச்சம்.