நுரையடக்கியல்: ஒரு முன்னாய்வு

வீட்டில் காய்ச்சிய பீரைக் கெக் என்னும் உலோகப் பீப்பாயிலிருந்து பாட்டிலில் அடைக்கும்போது பாதி பாட்டிலிலும் மீதி தரையிலுமாக நுரை பொங்குவது ஏன், பொங்காமலிருக்க வழி என்ன என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக்களம் அமெரிக்க வீடுகளின் கராஜ். காலம் 1978க்குப் பிற்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான், வயது வந்தவர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் பீரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ள வழிவிட்டது. தரையில் போன நுரையை அந்தக் கணக்கில் சேர்ப்பதா கழிப்பதா என்பது குறித்துச் சட்டம் வாய் திறக்கவில்லை.

இத்துறையில் முன்னோர் இல்லாமலில்லை. மியூனிக் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் அர்ன்ட் லைக்கெ, பீர் நுரையின் உயரம் கதிரியக்கப் பொருள் சிதைகிற அதே கணித விதிப்படி குறைகிறது என்று அளந்து காட்டி 2002இல், சிரிப்பூட்டும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் ஆராய்ந்தது நுரையின் இறப்பை. கராஜில் ஈரத்துணியோடு நிற்பவனை வாட்டுவது அதன் பிறப்பு.

பிறப்பின் காரணம் 1803லேயே தெரிந்துவிட்டது. திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன் மேலுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது என்றார் மான்செஸ்டர்காரர் வில்லியம் ஹென்றி. கெக்கில் ஏறக்குறைய 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தில், தன் கன அளவைப் போல இரண்டரை மடங்கு கார்பன் டை ஆக்சைடைச் சுமந்து அடங்கிக் கிடக்கிற பீர், வெறும் பாட்டிலுக்குள் விழுந்ததும் தலைக்குமேல் ஆளில்லை என்று கண்டுகொள்கிறது.

அடக்கும் வழியில் மூன்று பள்ளிகள் உண்டு. குளிர்ப்பள்ளியார், குளிர்ந்த பீர்தான் வாயுவை விடாது என்பர். கெக்கை உறைநிலையை ஒட்டி வைப்பதோடு பாட்டில்களையும் ஃபிரீசரில் அடுக்குவர். வீட்டில் ஐஸ்கிரீமுக்கு இடமில்லாமல் போவதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. குழாய்ப்பள்ளியார் பீர் வரும் குழாயைப் பத்தடிக்கு நீட்டி, உராய்விலேயே அதன் வேகத்தைத் தின்றுவிடச் செய்வர். அழுத்தப்பள்ளியார், கெக்குக்குள் போகும் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 2, 3 பிஎஸ்ஐக்கு இறக்குவர். அற்றேல், இறக்கிய பின்னும் பீர் சீறுவது ஏன் எனின், கெக்கின் தலையில் ஏற்கெனவே நிற்கும் வாயுவை வால்வின் வளையத்தை இழுத்து வெளியேற்றாமல் ரெகுலேட்டரை மட்டும் திருகியதால் என்க. மூன்று பள்ளியார் சொல்வதும் சரி. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் வாதத்துக்கு ஆளிருக்காது.

உலர்ந்த பாட்டிலின் தூசியும் கீறலும் குமிழிகளுக்குத் தொட்டில். ஆகவே பாட்டிலை நனைத்தே நிரப்ப வேண்டும். கிருமிநாசினிக் கரைசலில் அலசினால் அதுவும் நுரைக்கும். அளவாகக் கலந்த, கழுவத் தேவையில்லாத வகையாக இருந்தால் அந்த நுரையால் தீங்கில்லை. குழாயும் முனையும் வெதுவெதுப்பாக இருப்பதால் முதலில் வருவது நுரையாகவே வரும். அதைப் பாட்டிலில் விடாமல் ஒரு கிளாஸில் பிடிக்க வேண்டும். பிடித்ததை என்ன செய்வது என்பதில் ஆய்வாளர்களிடையே இதுவரை கருத்து வேறுபாடு எழவில்லை.

இனிக் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் முனை ஒன்று. அதில் செருகிய, பாட்டிலின் அடிவரை எட்டும் விறைப்பான குழல் ஒன்று. குழலின் நடுவே ஓட்டையிட்ட ரப்பர் அடைப்பான் ஒன்று. கடையில் விற்கும் பளபளப்பான எஃகுக் கருவிகளைக் கண்டு ஏங்குவோர் இதை ஏளனம் செய்வர், செய்யட்டும். அடைப்பானைப் பாட்டில் வாயில் அழுத்திக்கொண்டு முனையைத் திறந்தால், உள்ளே வரும் பீர் மேலுள்ள வாயுவை நெருக்கும்; நெருக்கம் ஏற ஏற ஓட்டம் நின்றுவிடும். அப்போது அடைப்பானின் விளிம்பை இம்மியளவு தளர்த்த வேண்டும். ‘உஸ்’ என்று சிறு மூச்சு வெளிவரும். பீர் ஒரு விரற்கடை ஏறும். மறுபடி தளர்த்தல், மறுபடி ‘உஸ்’. அழுத்தம் சட்டென்று விழாததால், தான் கெக்கை விட்டு வந்துவிட்ட செய்தி பீருக்குத் தெரிவதே இல்லை. 5 கேலன் கெக்குக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட பாட்டில்கள் என்பதால், ஆய்வாளனுக்குப் பொறுமையும் கட்டைவிரல் வலுவும் ஒருங்கே வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு நுரையே இல்லாமல் நிரப்பிவிட்டால் ஆய்வு முடிந்ததா எனின், இல்லை. குழலை உருவியதும் பாட்டில் கழுத்தில் இரண்டு விரல் இடைவெளி விழும். அதில் காற்று புகும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன் சில வாரங்களில் பீரை நனைந்த அட்டைப்பெட்டியின் சுவைக்குக் கொண்டுவந்துவிடும். காற்றைத் துரத்த வல்ல, கைச்செலவில்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: நுரை. ஆகவே, அடங்கி நிற்கும் பீரை இப்போது வேண்டுமென்றே சீண்டி, நுரை விளிம்புவரை எழும்பியதும் அதன் தலைமேலேயே மூடியை வைத்து அழுத்திவிட வேண்டும். நுரை எழ மறுத்தால் திறப்பானின் பிடியால் பாட்டிலின் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டுவது மரபு. வலப்புறம் தட்டுவதா இடப்புறம் தட்டுவதா என்பதைப் பின்வரும் ஆய்வாளர்களுக்கு விட்டுவைக்கிறோம்.